புடவில் பூசிய சுண்ணாம்பு

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. தொண்ணூறுகளின் கடைசியில், சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் ஒரு தனியார் சர்வேயரிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். வேடசந்தூர் பக்கம் ஒரு கரட்டில் கல் குவாரி கேட்டு ஒருவர் விண்ணப்பித்திருந்தார். அந்தக் கரட்டை அளக்கப் போனோம்.

2. போன இடத்தில், பாறைக்கு அடியில், பழங்கால மனிதர்கள் வரைந்த உருவங்கள் இருந்தன.

3. அந்த இடத்தைப் பாதுகாக்க வேண்டிய இடமாகப் பதிவு செய்யக் கேட்டுத் தொல்லியல் துறைக்கு மனுக் கொடுத்தேன். பதிவானால் அங்கே குவாரி வராது. பதிவாகாவிட்டால் வெடி வைப்பார்கள்.

4. பார்வையிட ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது.

5. அவர் வருவதற்கு முதல் நாள், ஊர்ப் பெண்கள் அந்த உருவங்களின் மேல் புதுச் சுண்ணாம்பால் எழுதிப் பளிச்சென்று ஆக்கிவைத்தார்கள்.

6. அதிகாரி வந்தார். விரலால் தொட்டார். வெள்ளை ஒட்டியது. சமீபத்தில் வரையப்பட்டவை என்று எழுதிக்கொண்டு போனார்.

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஐந்தாவது வரியில் சிரிக்கிறார்கள். எனக்கு ஆறாவது வரியில்தான் ஆத்திரம் வருகிறது. இத்தனை வருடம் கழித்தும் அது குறையவில்லை.

அந்தக் கரடு பெரிய மலை ஒன்றும் இல்லை. சுற்றிலும் சோளக்காடும் முருங்கைத் தோட்டமும், நடுவில் திடீரென்று எழும்பி நிற்கும் மொட்டைப் பாறை. அதன் கிழக்குப் பக்கத்தில் பாறையின் மேற்பகுதி முன்னால் தள்ளி, தாழ்வாரம்போல நிழல் தருகிறது. அதை ஊரில் புடவு என்கிறார்கள். நடுப்பகலில் ஆடுகளை அங்கேதான் மடக்குவார்கள். நாங்களும் அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைப் பிரித்தது அங்கேதான். எங்களோடு அளவுச் சங்கிலி பிடிக்க வந்த அண்ணன் சாப்பிட்டதும் துண்டை விரித்து மல்லாக்கப் படுத்தார்.

"பாப்பா, மேல பாரு. எவனோ விட்டத்துல கோலம் போட்டிருக்கான்."

"கோலமா? எங்கண்ணே?"

"செத்த நேரம் கண்ண மூடித் திற. வெயில்லருந்து வந்த கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

கண்ணை மூடி, பத்து எண்ணித் திறந்தேன். முதலில் கறைபோலத் தெரிந்தது. பிறகு ஒரு கை. பிறகு கையைத் தூக்கியபடி நிற்கும் ஒரு ஆள். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன், அவன் கையைப் பிடித்தபடி. அப்படியே வரிசையாக ஏழு பேர். ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஆடுகிறார்கள். தலை என்பது ஒரு வட்டம், உடம்பு என்பது ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் ஆடுகிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. முழங்கால் மடங்கியிருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானாகப் பஸ் ஏறிப் போக ஆரம்பித்தேன். நூல் கட்டிக் கட்டம் பிரித்தேன், தூக்குக்குண்டு வைத்து உயரம் எடுத்தேன், வரைபடத்தாளில் ஒவ்வொன்றாக இறக்கினேன். பாறையில் கை வைக்கவில்லை. மொத்தம் முப்பத்தொரு உருவம். பின்சுவரில் ஆள் உயரத்தில் பத்தொன்பது, சரிந்து கவிழும் மேற்பாறையில் பன்னிரண்டு. எல்லாம் வெள்ளை. கீழ் வரிசையில் மூன்று இடங்களில் வெள்ளைக்கு அடியில் காவிச் சிவப்பில் மான்கள் இருந்தன. அதாவது முதலில் யாரோ சிவப்பில் மான் வரைந்திருக்கிறார்கள். பிறகு வேறு யாரோ, எவ்வளவு காலம் கழித்தோ, அதே இடத்தில் வெள்ளையில் மனிதர்களை வரைந்திருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் வருடம் என்று நான் சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் மனுவே.

எனக்குத் தெரிந்தது கோடு. தினமும் எட்டு மணி நேரம் மேசையில் தாளை விரித்து, அளவுகோல் வைத்து, மை பேனாவால் கோடு போடுகிறவள் நான். தப்பினால் பிளேடால் சுரண்டிவிட்டுத் திரும்பப் போடுவேன். அந்த மேல் வரிசை தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் இருக்கிறது. தலைக்கு மேலே கவிழ்ந்த பாறையில், சொரசொரப்பான பரப்பில், ஒரே இழுப்பில் போட்ட கோடுகள். திருத்தம் இல்லை, வழிந்த சொட்டு இல்லை. அங்கே ஏறி நிற்கக் கல் எதுவும் கிடையாது. ஒன்று மரம் வெட்டிச் சாரம் கட்டியிருக்க வேண்டும், அல்லது ஒருவர் தோளில் ஒருவர் ஏறியிருக்க வேண்டும். எப்படியானாலும் ஒருவரால் ஆகிற வேலை இல்லை. வெள்ளை மண் தேடிப்போனவர் ஒருவர், அதைக் குழைத்தவர் ஒருவர், தாங்கி நின்றவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர். இதெல்லாம் வயிற்றுக்குச் சோறு தராத ஒரு வேலைக்காக.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆதிமனிதன் என்று ஒரு படம் போட்டிருப்பார்கள். கூன் முதுகு, கையில் கதாயுதம் மாதிரி ஒரு கட்டை, எதையோ பார்த்துப் பயந்த முகம். அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் யாரும் அந்தப் புடவில் மல்லாக்கப் படுத்துப் பார்த்ததில்லை என்பது மட்டும் உறுதி.

குவாரி வரைபடத்தில் புடவு இருக்கும் இடத்தைக் குறித்து, "பழங்கால ஓவியங்கள்" என்று சிறிய எழுத்தில் எழுதினேன். சர்வேயர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"அங்க இருக்கு சார்."

"இருக்குன்னா? அங்க எறும்புப் புத்துகூடத்தான் இருக்கு. அதையும் போடுவியா? கேக்காததப் போடக் கூடாதும்மா. எல்லை, உயரம், பாதை, கிணறு. அம்புட்டுதான்."

"முந்நூறு மீட்டருக்குள்ள பழைய சின்னம் எதுவும் உண்டானு விண்ணப்பத்துல ஒரு கேள்வி இருக்கு சார்."

"அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீயா? லிஸ்டுல இருந்தாத்தான் சின்னம். லிஸ்டுல இல்லன்னா அது வெறும் பாறை."

அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கடைசி வரியில் அவர் சொன்னது சட்டப்படி சரியும்கூட. அதனால்தான் லிஸ்டில் சேர்க்கச் சொல்லி மனு எழுதினேன். அது தெரிந்ததும் அவர் என்னை அழைத்து, சத்தம் போடாமல், "வேற ஆபீஸ் பாத்துக்கம்மா" என்றார். பார்த்துக்கொண்டேன். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

இப்போது ஐந்தாவது வரிக்கு வருகிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த ஊர் வார்டு உறுப்பினர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே உறுப்பினராகவும் இருந்தார். மில் பஸ்ஸில் இறங்கிச் சேலையில் பஞ்சோடு நேராகப் புடவுக்கு வருவார். நான் அளப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். குவாரி வந்தால் ஊருணி வற்றும், வீட்டுச் சுவர் வெடிக்கும் என்ற கவலை அவருக்கு. படங்களின் மேல் ஆசை அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தபின் அது என்னுடையதைவிடப் பெரிதாகிவிட்டது. "எங்க கரட்டாளுக" என்றுதான் சொல்லுவார்.

அதிகாரி வரும் தேதி கிடைத்ததும் அவருக்குத் தகவல் சொன்னேன். நான் சொன்ன வார்த்தை இன்னும் நினைவிருக்கிறது: "அக்கா, ஆபீசர் ரொம்ப நேரம் நிக்க மாட்டாரு. வந்த உடனே கண்ணுக்குத் தெரியணும். செடி, முள்ளு எல்லாம் வெட்டி வச்சிருங்க."

எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் வருகிறார் என்றால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? திருவிழாவுக்கு முன்னால் கோயில் திட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். மந்திரி வந்தால் ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசுவார்கள். சாமி சிலையின் கண் மங்கியிருந்தால் மை தீட்டுவார்கள். மங்கியதைப் புதுசாக்கி வைப்பதுதான் மரியாதை. அப்படியே விட்டால் அவமரியாதை. மங்கலாக இருப்பதுதான் இதன் சாட்சி என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. தொடக் கூடாது என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், அவர்களிடம் சொல்லவில்லை. முப்பத்தொரு உருவத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் குறித்தவள், சொல்ல வேண்டிய ஒரு வரியை விட்டுவிட்டேன்.

அதிகாரி வந்த அன்றைக்கு அவர் ஜீப்புக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். முள் வெட்டி, பாதை பெருக்கி, சாணி தெளித்து, புடவு வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். பக்கத்துப் பாறையில் ஒரு அடி உயர எழுத்தில் "நல்வரவு". உள்ளே கீழ் வரிசை உருவங்களில் பதினாலு, பால்போல வெள்ளையாக மின்னின. ஒரு உருவத்துக்குக் கண்ணும் வாயும் வந்திருந்தன. முகம் இல்லாமல் நிற்கிறானே என்று யாருக்கோ மனசு பொறுக்கவில்லை.

வார்டு அக்கா சிரித்த முகமாக என்னைப் பார்த்தார். "எப்படி?" என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார்.

அதிகாரி விரலால் தொட்டுப் பார்த்து, விரலை டிரைவரிடம் காட்டினார். டிரைவர் சிரித்தார்.

"மேடம், இது எந்தக் காலத்துது? போன வாரமா, அதுக்கு முந்துன வாரமா?"

"சார், மேலதான் புதுசு. அடியில பழசு இருக்கு. எங்கிட்ட அளவெடுத்த படம் இருக்கு, இதுக்கு முன்னாடி எடுத்தது."

"நீங்க வரைஞ்ச படத்தை வச்சு நீங்களே நிரூபிப்பீங்களா?"

வார்டு அக்கா முன்னால் வந்தார். "சார், நாங்கதான் எழுதினோம். ஏற்கெனவே இருந்த கோட்டு மேலயே எழுதினோம், ஒண்ணும் மாத்தல. நீங்க வாரீகன்னுதான்."

"நல்வரவும் ஏற்கெனவே இருந்துச்சாம்மா? ஆதிமனுசன் தமிழ் நல்லா எழுதியிருக்கான்."

அக்காவின் முகம் செத்துப்போனது. அதை நான் மன்னிக்கவில்லை.

மேல் வரிசையைப் பார்க்கச் சொன்னேன். அங்கே யார் கையும் எட்டாது, யாரும் தொடவில்லை, அது போதும் பதிவுக்கு என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். வெளியே உச்சி வெயில். கண் பழக வேண்டும்.

"செத்த நேரம் கண்ண மூடித் திறங்க சார், தெரியும்" என்றார் அக்கா.

"கண்ணை மூடினா எப்படிம்மா தெரியும்?" என்று சொல்லி இன்னொரு முறை சிரித்தார். அரை நிமிடம்கூட நிற்கவில்லை. "அங்க ஒண்ணும் இல்லையே" என்றார். கீழிறங்கும்போது யாரிடமோ சொல்வதுபோல, "அப்படியே பழசா இருந்தாலும் கிறுக்கல்தான்" என்றார்.

பளிச்சென்று இருந்தவை புதுசு என்று எழுதினார். மங்கலாக இருந்தவை இல்லை என்று எழுதினார். அப்படியானால் அந்தப் பெண்கள் பயந்தது சரிதானே? மங்கலாக விட்டிருந்தால் இவர் எதையும் பார்த்திருக்கவே மாட்டார் என்பதை அவரே நிரூபித்துவிட்டுத்தான் ஜீப் ஏறினார். ஆனால் அறிக்கை வந்தபோது அதில் இருந்தது பெண்களின் தப்பு மட்டும்: "கிராமத்தினரால் அண்மையில் சுண்ணாம்பால் வரையப்பட்டவை." அரை நிமிடத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

திண்டுக்கல்லில் இந்தக் கதையைச் சொன்னால், படித்தவர்கள் தலையை ஆட்டி, "விவரம் இல்லாத சனங்க, என்ன செய்யிறது" என்பார்கள். புடவின் வடக்குச் சுவரில் ஆயில் பெயின்ட்டில் ஆறு பெயர்கள் இருக்கின்றன, இரண்டில் பட்டமும் சேர்த்து எழுதியிருக்கிறது. கரட்டின் முகப்பில் ஒரு தேர்தல் சின்னம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. அவற்றைப் பார்த்து யாரும் விவரம் இல்லாதவர்கள் என்று சொன்னதில்லை. அந்தப் பெண்களாவது கோட்டின் மேலேயே கோடு போட்டார்கள், மரியாதைக்காக.

அதிகாரி வந்துபோய் இரண்டு நாள் கழித்து அந்த ஊருக்குப் போனேன். புடவில் ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். கையில் குடம், தேங்காய் நார்.

"அக்கா, என்ன பண்ணப் போறீங்க?"

"கழுவப் போறோம். நாங்க போட்டது, நாங்களே அழிச்சிட்டுப் போறோம். நல்லாத் தேச்சா போயிரும்."

ஓடிப்போய்ப் பாறைக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றேன். வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. தேய்த்தால் மேல் சுண்ணாம்போடு அடியில் இருப்பதும் வந்துவிடும், அது போனால் எந்தச் சுண்ணாம்பாலும் திரும்ப வராது என்றேன். ஒரு பெண் குடத்தைக் கீழே வைத்தார்.

"ஏன்த்தா, நீ சொல்லு. செவப்பு மானு மேல வெள்ளையில எழுதுனான்ல ஒருத்தன்? அவன் பழசு மேல எழுதுனா அது பொக்கிசம். நாங்க எழுதுனா தப்பா?"

யோசித்துத்தான் சொன்னேன். "அவன் எழுதுனப்ப இத வெடி வைக்க யாரும் காத்துக்கிட்டு இல்லக்கா. இப்ப இருக்காக."

"அப்ப வெத்தியாசம் அதிலதான். எங்க கை செஞ்சதுல இல்ல" என்றார் அவர். ஒத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இரண்டாவது மனு எழுதினோம். என் அளவுப் படத்தின் நகல்களை இணைத்தேன். எந்தெந்த உருவத்தின் மேல் சுண்ணாம்பு பட்டது, எதெதன் மேல் படவில்லை என்று எண் போட்டுப் பட்டியலிட்டேன். கூடவே பெண்களின் வாக்குமூலம்: இந்த நாளில், இந்தச் சுண்ணாம்பால், இன்ன உருவங்களின் மேல் நாங்கள் எழுதினோம், அடியில் பழைய கோடுகள் இருந்தன. தட்டச்சு செய்துகொடுத்தவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நாங்கதான் செஞ்சோம்னு நீங்களே எழுதிக் குடுக்குறீங்க. நாளைக்குப் பதிவாச்சுன்னா, பழைய சின்னத்தச் சேதப்படுத்தினதா உங்க மேலயே கேஸ் வரும், பாத்துக்கங்க."

அதை மறைக்காமல் ஊரில் சொன்னேன். மில் பஸ் வந்து நிற்கும் புளியமரத்தடியில், ஷிப்டு முடிந்து வந்தவர்களும் ஷிப்டுக்குப் போகிறவர்களுமாக நின்றார்கள். பதிவானால் கரடு பிழைக்கும், அவர்கள் மாட்டலாம். பதிவாகாவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை, கரடு போய்விடும். நான் கையெழுத்துப் போட வற்புறுத்தவில்லை. எனக்கு அந்த உரிமை கிடையாது.

"கேஸுன்னா வேன்ல ஏத்திட்டுப் போவாகளா?" என்றார் குடம் கொண்டுவந்த பெண்.

"தெரியலக்கா."

"அம்புட்டுப் பேரையுமா?"

"போட்டா அம்புட்டுப் பேரு மேலயும்தான் போடுவாக."

"அப்ப நானும் வாரேன். தனியாப் போறதுன்னாத்தான் யோசன."

சிரிப்பு எழுந்தது. வார்டு அக்கா சிரிக்கவில்லை. முதலில் கையெழுத்துப் போட்டது அவர்தான். "என்னயப் பாத்துச் சிரிச்சான்ல அந்த ஆளு. இப்ப என் பேரப் படிக்கட்டும்" என்றார். ஒன்பது பேர் போட்டார்கள். கண்ணும் வாயும் வரைந்த பெண் போடவில்லை. பயமாக இருக்கிறது என்றாள், அவள் புருஷனும் அதே மில்லில்தான், கேஸ் என்றால் இரண்டு சம்பளமும் போகும். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலில் அந்த உருவத்துக்கு எதிரே, யார் வரைந்தது என்று எழுதாமல் விட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் நான் ஊர் மாறினேன், வேலை மாறினேன். மையும் பிளேடும் போய்க் கம்ப்யூட்டரில் கோடு போடுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்புகிறேன். ஒவ்வொன்றிலும் முந்தைய கடிதங்களின் எண்களைக் குறிப்பிடுகிறேன். பதில் வந்தவற்றில் எல்லாம் ஒரே வாக்கியம்: மேற்படி இடம் ஏற்கெனவே பார்வையிடப்பட்டுள்ளது. பார்வையிடப்பட்டது என்ற அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது.

இப்போதைய நிலை இது. கரட்டின் மேற்குப் பாதிக்குக் குவாரி உரிமம் கொடுத்தாயிற்று, வேலை நடக்கிறது. கிழக்குப் பாதியின் விண்ணப்பம், பெண்களின் மனு கோப்பில் இருப்பதால், நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. மறுக்கப்படவில்லை, கொடுக்கப்படவும் இல்லை. கையெழுத்துப் போட்ட ஒன்பது பேர் மேலும் இதுவரை வழக்கு இல்லை. கீழ் வரிசையில் சுண்ணாம்பு உரிகிறது. உரியும் இடத்தில் இரண்டு உருவங்கள் அதோடு சேர்ந்து போய்விட்டன, மற்றவற்றுக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. மேல் வரிசையில் பன்னிரண்டும் இருக்கின்றன. நான் கடைசியாக அளந்தபோது வெடி வைக்கும் இடத்திலிருந்து புடவுக்கு நூற்று நாற்பது மீட்டர். பதிவு ஆகவில்லை.